அடுத்தது உங்கட புத்தகம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஒரு பிள்ளையையும் பசியென்று அடுத்த வீட்டுக் குசினியை எட்டிப் பார்க்க நான் விடவில்லை. இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இனி எழுதப் போவதை வாசிக்கிறவர்கள் என்னைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது.

எழுத்து எனக்கு மட்டுமட்டு. நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது மாரி மழைக்குப் பள்ளிக்கூடக் கூரை விழுந்தது. கூரையைத் திரும்பப் போட்டார்கள், என்னைத் திரும்ப அனுப்பவில்லை. பஸ்ஸின் நெற்றியில் நிலாவெளி என்று இருந்தால் வாசிப்பேன். கையெழுத்து வைப்பேன், பெருவிரலை மையில் தோய்த்தது கிடையாது. இதை எழுதுவது பேத்தியின் பழைய கொப்பியில். ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் போகும். எழுத்துப் பிழைகளை அவள் திருத்துவாள். கதையில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுதப் போவது ஒரு ராத்தாவைப் பற்றி. எங்கள் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் அக்காவை ராத்தா என்பார்கள். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. உயிரோடு இருக்கும்போது நான் பெயர் சொல்லிக் கூப்பிடாதவரை இப்போது எழுத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையாகப் படவில்லை.

உப்புவெளிக் கரையில் அப்போது ஒரு கருவாட்டு வாடி இருந்தது. நெத்தலியை வலைத்துண்டுகளின் மேல் பரப்பிக் காயவிடுவார்கள். காய்ந்து முடியும் வரைக்கும் காகத்துக்குக் காவல் இருக்க வேண்டும். வடக்கு முனையில் ஒருத்தி, தெற்கு முனையில் ஒருத்தி, கையில் கறுப்புப் பொலித்தீன் கட்டிய நீளக் கம்பு. அவ்வளவுதான் வேலை. என் வீட்டுக்காரர் நடமாட ஏலாமல் படுத்த வருசம் எனக்குத் தெற்கு முனை கிடைத்தது. வடக்கு முனையில் ராத்தா எனக்கு முன்பே பல காலமாக இருந்தார்.

கவிழ்த்த மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்து, முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டு, அந்த நிழலுக்குள் புத்தகத்தை விரித்து வைத்திருப்பார். கம்பு மடியில் குறுக்காகக் கிடக்கும். பக்கம் திருப்பும்போது மட்டும் கம்பை எடுத்து ஒரு வீசு வீசுவார். காகங்கள் இதைப் படித்து வைத்திருந்தன. கம்பு எழும்பும்போது பறந்து, அவர் தலை குனிந்ததும் இறங்கிவிடும். கதை உச்சத்துக்கு வருகிற நாட்களில் வடக்கு முனைக் காகங்கள் கொழுத்துப் போகின்றன என்று வாடி முதலாளியான சம்மாட்டியார் ஏசுவார். ஆனாலும் அவரை நிற்பாட்டவில்லை. ஏனென்றால் அதே சம்மாட்டியார் பின்னேரம் வந்து, வேறு எதையோ பார்க்க வந்தவர் போல நின்று, கதையில் வாற அந்த டொக்டர் பிறகு என்ன செய்தான் என்று கேட்பார்.

அதுதான் ராத்தாவின் குணம். தான் எதை வாசிக்கிறார் என்பதைத் தனக்குள் வைத்திருக்க அவரால் ஏலாது. காலையில் வாடிக்குள் காலெடுத்து வைக்கும்போதே, இப்ப வாசிக்கிறது மலைநாட்டில் நடக்கிற கதை, தேயிலைத் தோட்டத்தில் மூன்று சகோதரிகள், மூத்தவள்தான் சரியில்லை, இது முடிய ஒரு கப்பல்காரனின் கதை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். கேட்கிறவர் யாரென்று பார்ப்பதில்லை. மற்றவர்கள் சாப்பிட்டீங்களா என்று கேட்கிற இடத்தில் அவர் இப்ப என்ன வாசிக்கிறீங்க என்று கேட்பார். ஐஸ் கொண்டுவருகிறவனிடமும் கேட்பார், மீன் லொறிக்காரனிடமும் கேட்பார். சந்திச் சென்றிக் காவலில் துவக்கோடு நின்ற, தமிழ் தெரியாத ஆமிப் பொடியனிடம்கூட ஒருநாள் தன் புத்தகத்தைத் தட்டிக் காட்டி, விரலால் அவன் நெஞ்சைக் காட்டிக் கேட்டார். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் இருந்து ஒரு சின்னப் புத்தகத்தை அரைவாசி இழுத்துக் காட்டி, திரும்ப உள்ளே தள்ளினான். பிறகு அவன் மாற்றலாகிப் போகும் வரைக்கும் எங்கள் பைகளைக் கிளறவில்லை.

அவருக்குப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். பாதி பட்டணத்தில், ரவுன் லைப்ரரியில் இருந்து. அங்கே இருந்த பெண், எந்தப் புத்தகம் ராத்தாவிடம் போய் வந்தது என்று பார்க்கத் தேவையில்லை, மூக்கே சொல்லிவிடும், தமிழ் அலுமாரி முழுக்க நெத்தலி மணக்கிறது என்று சொல்வாராம். மிச்சம் வெளிநாடு போனவர்களின் வீடுகளில் இருந்து வந்தவை. அவர்கள் போகும்போது பானை சட்டிகளை எங்களுக்குத் தந்தார்கள், புத்தகங்களை அவருக்குக் கொடுத்தார்கள். எப்போதும் கையில் ஒன்று இருக்கும், பெட்டிக்குக் கீழே பொலித்தீனில் சுற்றி அடுத்தது இருக்கும். அடுத்தது இல்லாமல் கையில் இருப்பதை முடிக்கவே மாட்டார்.

முடிவை மட்டும் அவர் சொல்லவும் மாட்டார், பிறரைச் சொல்ல விடவும் மாட்டார். ஒருமுறை லொறிக்காரன் அவரிடம் வாங்கிப் போன புத்தகத்தை, அவருக்கு முன்னமே வாசித்து முடித்துவிட்டு, பகிடிக்கு, ராத்தா, அவன் கடைசியில செத்திருவான் என்று சொல்லிவிட்டான். அவர் அந்தப் புத்தகத்தை வாசிக்காமலே லைப்ரரியில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வருசம் நெத்தலிக் காலம் முடியும் வரைக்கும் லொறிக்காரனிடம் என்ன வாசிக்கிறாய் என்று கேட்கவே இல்லை. தண்ணி கேட்டால் கொடுத்தார், அது வேறு.

நான் வேலைக்குப் போன முதல் நாளே என்னிடம் கேட்டார்.

“இப்ப என்ன வாசிக்கிறீங்க தங்கச்சி?”

வாசிக்கத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மீன் கூடை தூக்குகிற பெண்கள் நின்றார்கள். கூலிக்கு வந்த முதல் நாள் அது. வந்ததுமே என்னைப் பற்றி ஒன்றைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை.

“ஒரு கதைப்புத்தகம், ராத்தா.”

“என்ன கதை?”

“ஒரு பொம்பிளையின்ர கதை. கரையில இருக்கிறவள்.”

“எதுவரைக்கும் வந்துட்டீங்க?”

“இப்பதான் தொடங்கினனான். அவளுக்கு இன்னும் கலியாணம் நடக்கேல்லை.”

கூடைக்காரி ஒருத்தி, புட்டவிக்கவே நேரமில்லாதவ புத்தகம் வாசிக்கிறவவாம் என்று மற்றவளிடம் சொன்னாள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கிவிட்டாள். ராத்தா அதைக் கவனிக்கவில்லை. கரையில நடக்கிற கதையெண்டா நல்லம் என்று சொல்லிக்கொண்டு வடக்கு முனைக்குப் போனார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் வந்ததும், கலியாணம் நடந்ததா என்று கேட்டார்.

நடந்தது என்றேன். வேறு என்ன செய்வது? மாப்பிள்ளை நல்லவன், கதைக்கத்தான் மெல்லமாக வரும் என்றேன். அதற்கடுத்த நாள் மாமியார் வந்தாள். தேங்காயை எண்ணி வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிற மாமியார். ராத்தா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். இந்தப் புத்தகத்தை எழுதினவவுக்கு நல்ல அனுபவம் இரிக்கி என்றார். மாமியார் என்னுடைய மாமியார்தான், அதைச் சொல்லவில்லை. பிறகு சாம்பல்தீவில் இருந்து ஒரு சிவத்தப் பசு வந்தது. பசுவுக்குப் பிறகு ஒரு மகன் பிறந்தான். அடுப்படியில் இருந்து மாவைக் குழைத்துக்கொண்டே நாளைக்கு என்ன சொல்வது என்று யோசிப்பேன். வீட்டுக்காரர் கட்டிலில் இருந்து, யாரோட கதைக்கிறாய் என்று கேட்பார்.

இதைப் பொய் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என்னிடம் புத்தகம் இல்லை, அவ்வளவுதான். கதை இருந்தது.

ராத்தாவுக்கு எப்போது தெரிந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரருக்கு எழுதித் தந்த மருந்துத் துண்டை ஒருநாள் வாடிக்குக் கொண்டு போனேன். கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன் ராத்தா, இதில என்ன போட்டிருக்கு என்று கேட்டேன். நான் கண்ணாடி போட்டதை ஒருவரும் கண்டதில்லை. அவர் துண்டை வாங்கி, காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று ஆறுதலாகச் சொன்னார். மடித்து என் கையில் வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சரி, எதுவரைக்கும் வந்துட்டீங்க என்று கேட்டார். நான் சொன்னேன்.

அன்றில் இருந்துதான் அந்தப் பேச்சைத் தொடங்கினார். இப்ப வாசிக்கிறது இது, அடுத்தது இன்னது, அதுக்கடுத்தது உங்கட புத்தகம், முடிச்சாத் தாங்க தங்கச்சி. நான் இன்னும் முடிக்கேல்லை ராத்தா என்பேன். அவசரமில்ல, ஆறுதலா வாசிங்க என்பார். முடித்தால் கொடுக்க வேண்டும், ஆகவே முடிக்க ஏலாது. அந்தப் பெண்ணின் மகன் வளர்ந்தான், பள்ளிக்கூடம் போனான், மீசை முளைத்தது. கதை மட்டும் முடியவில்லை.

ராத்தாவுக்கும் ஒரு மகன் இருந்தான். கணவர் முன்பே இறந்துவிட்டார், மகள் கிண்ணியாவில் கலியாணம் செய்து போய்விட்டாள். வீட்டில் உம்மாவும் மகனும்தான். கலகலப்பான பொடியன். சைக்கிளில் உம்மாவை வாடியில் இறக்கிவிட்டுத்தான் தன் படகுக்குப் போவான். ஒரு விடியல் அவர் அவனுக்குச் சோற்றுப் பார்சல் என்று நினைத்து லைப்ரரிப் புத்தகம் இருந்த பொலித்தீன் பையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். பார்சல் வாடிக்கு வந்தது, புத்தகம் கடலுக்குப் போனது. மத்தியானம் அவர் புத்தகத்தைத் தேடிப் பெட்டிக்குக் கீழே கைவிட்டபோது சோறும் மீன்பொரியலும் வந்தது. அவன் பின்னேரம் வந்து, உப்புத் தண்ணியில் ஊறிப் பாண் மாதிரிப் பொங்கிப் போன புத்தகத்தை நீட்டினான்.

“பசிக்கு இதத்தான் கொஞ்சம் வாசிச்சுப் பாத்தன் உம்மா. உப்புக் கூடிப் போச்சு.”

வாடியே சிரித்தது. லைப்ரரியில் அதற்குப் பதிலாக வேறொரு புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு, பொங்கியதை அவரே வைத்துக்கொண்டார்.

மாரி தொடங்குகிற நாட்கள். கடல் கறுத்திருந்தது. போன படகுகள் காற்றைக் கண்டு திரும்பிவிட்டன, அவனுடைய பைபர் படகு திரும்பவில்லை. கூடப் போக வேண்டியவனுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு அவன் தனியாகத்தான் போயிருந்தான். கரையில் இருந்த எல்லாப் படகுகளும் தேடிப் போயின. நேவியும் தேடினார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

அதற்கு முந்திய கிழமைதான் என் புத்தகத்துப் பெண்ணின் மகனை நான் கடலுக்கு அனுப்பியிருந்தேன். கரையில் நடக்கிற கதை, பிள்ளை வளர்ந்தால் வேறெங்கே போவான்? ராத்தாவுக்கு ஆவலாக இருக்கட்டும் என்று, படகு இன்னும் வரவில்லை என்கிற இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

அவருடைய வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. ஆனாலும் போனேன். வீடு நிறையப் பெண்கள். பள்ளிவாசலில் இருந்து பெரியவர்கள் வந்து, பிள்ளைக்காகக் கடைசித் தொழுகை நடத்துவோமா என்று மெல்லமாகக் கேட்டார்கள். அது மௌத்தானவங்களுக்குத்தானே என்று ராத்தா சொன்னார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அவர் அழவில்லை. கையில் புத்தகமும் இல்லை. அவரைக் கையில் புத்தகம் இல்லாமல் நான் முதல்முறை பார்த்தது அன்றைக்குத்தான். என்னைக் கண்டதும் பாயில் தனக்குப் பக்கத்தில் தட்டிக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

“எதுவரைக்கும் வந்துட்டீங்க?”

“அந்த இடத்திலதான் நிக்கிறன் ராத்தா.”

“நிக்காதீங்க தங்கச்சி. வாசிங்க.”

அன்றிலிருந்து நான் வாசித்தேன். என் ஏழு பேரையும் வளர்க்கப் பட்ட பாட்டைவிட அந்த ஒரு பொடியனை உயிரோடு வைத்திருக்க நான் பட்ட பாடு பெரிது. செத்தான் என்று சொல்ல என் நாக்கு எழும்பாது. வந்தான் என்று சொன்னால், அந்த வீட்டு வாசலில் ஒருவரும் வந்து நிற்கவில்லையே. ஆகவே அவனைக் கடலிலேயே வைத்திருந்தேன். எஞ்சின் நின்றுவிட்டது என்றேன். மழைத் தண்ணியை இடுப்புச் சாரத்தில் ஏந்திப் பிழிந்து குடித்தான். பறவைக் கோலா மீன் படகுக்குள் வந்து விழுந்தது. ஒரு பெரிய கப்பல் அவனைக் காணாமலே கடந்து போனது, இன்னொன்று கண்டும் நிற்காமல் போனது. கடைசியில் நீரோட்டம் இழுத்துப் பர்மாக் கரையில் கொண்டுபோய் விட்டது. அங்கே ஒரு கிழவர் அவனுக்குச் சோறு கொடுத்தார். கையில் ஒரு பத்திரமும் இல்லாததால் பொலிஸ் பிடித்து வைத்துக்கொண்டது. பாசை தெரியாது. பகலில் உதட்டைக் குவித்துச் சீக்கா அடித்துக்கொண்டிருப்பான். ராத்தாவின் மகனும் சீக்கா அடிப்பான். எங்கிருந்து என் வாயில் அது வந்தது என்று எனக்கே தெரியாது.

ராத்தா திரும்ப வாடிக்கு வந்துவிட்டார். கம்பு மடியில் கிடக்கும், கண் கடலில் இருக்கும். காகங்கள் இப்போது அவருக்குப் பயந்தன, பக்கம் திருப்புகிற நேரம் என்று ஒன்று இல்லையே. மத்தியானத் தொழுகையை முடித்துவிட்டு வந்து என் முனையில் உட்கார்ந்து கேட்பார், நான் சொல்வேன்.

ஒருநாள் அவர் வேலைக்கு வரவில்லை. நல்ல சீலை உடுத்து, கிண்ணியாவில் இருந்து மகளையும் வரச்சொல்லி, ரவுனில் காணாமல் போனவர்களை விசாரித்துத் தருகிற ஒரு கந்தோருக்குப் போயிருக்கிறார். இந்தக் கடலில் எஞ்சின் நின்றால் படகு பர்மாப் பக்கம் போகும், அங்கே விசாரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். கந்தோரில் இருந்தவர்கள் நல்லவர்கள், சிரிக்கவில்லை. அப்படி ஒதுங்கியவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி, விவரம் எடுத்து அனுப்பினார்கள். மாதங்கள் போயின. அப்படி ஒருவரும் அங்கே இல்லை என்று பதில் வந்தது.

அன்றைக்கு நானே அவருடைய முனைக்கு எழும்பிப் போனேன்.

“ராத்தா, அது புத்தகம். புத்தகத்தில இருக்கிறதெல்லாம் நடக்கிறேல்லை.”

“தெரியும் தங்கச்சி. நடக்காததத்தானே நான் சின்னதில இருந்து வாசிக்கிறன்.” கம்பின் நுனியில் கிழிந்திருந்த பொலித்தீனை இறுக்கிக் கட்டினார். “என்ட மகன் அங்க இல்லையெண்டு சொல்லிட்டாங்க. சரி. உங்கட பொடியன் அங்க இரிக்கிறானா?”

“இருக்கிறான் ராத்தா.”

“சாப்பிடுறானா?”

“ஓம். மெலிஞ்சு போனான். எண்டாலும் சாப்பிடுறான்.”

“அது போதும்,” என்றார். பிறகுதான் அழுதார். நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது, காகம் வந்து எடுத்தது, நாங்கள் இருவரும் எழும்பவில்லை. அன்றைக்குச் சம்மாட்டியார் பார்த்தும் பாராமல் போனார்.

அதற்கடுத்த கிழமை அவருடைய கையில் திரும்பவும் ஒரு புத்தகத்தைக் கண்டேன். இப்ப வாசிக்கிறது ஒரு தபால்காரன்ட கதை தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு வந்தார். குரல் பழைய குரல் இல்லை. பெட்டிக்குக் கீழே பார்த்தேன், பொலித்தீன் பை இல்லை. அடுத்தது எங்கே என்று நானே கேட்டேன். அடுத்தது உங்கட புத்தகம்தானே, அது உங்களிட்ட இரிக்கி என்றார். அதற்குப் பிறகு பெட்டிக்குக் கீழே அவர் வேறு புத்தகம் வைக்கவில்லை. கையில் இருப்பதை முடிப்பார், லைப்ரரிக்குப் போவார், வேறொன்று எடுப்பார், ஆனால் கேட்டால் அடுத்தது அதுதான்.

பிறகு வாடி இருந்த இடத்தில் வெள்ளைக்காரர் தங்குகிற விடுதி ஒன்று எழும்பியது. சம்மாட்டியார் வலைகளை விற்றுவிட்டார். ராத்தாவுக்குச் சீனி வருத்தம் கண்ணில் இறங்கிப் பார்வை போய்விட்டது. மகள் வந்து கிண்ணியாவுக்குக் கூட்டிப் போனாள். போகிற அன்று பஸ் யன்னலால் கை நீட்டி என் கையைப் பிடித்து, முடிச்சிட்டு வாங்க என்று மட்டும் சொன்னார்.

அவருக்கு வருத்தம் கடுமை என்று மகள் போன் எடுத்துச் சொன்னபோது நான் புறப்பட்டேன். பஸ்ஸில் போகும் வழி முழுக்க யோசித்தேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது முடிவெடுத்துவிட்டேன், பொடியன் வருவான். மத்தியான நேரம் வருவான். தாய் மீன் பொரித்துக்கொண்டிருப்பாள். முதலில் சீக்காச் சத்தம் கேட்கும். தாச்சியை இறக்காமல் அவள் ஓடுவாள். இப்படியே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மௌத்தாகப் போகிற ஒரு தாய்க்கு அதைவிட வேறு என்ன சொல்வது?

மகள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு பிடியாகிவிட்டது. தலையணைக்குப் பக்கத்தில் அந்த உப்பில் பொங்கிய புத்தகம் இருந்தது. கண் தெரியாது, ஆனால் நான் வாசலில் செருப்பைக் கழற்றிய சத்தத்திலேயே தலை திரும்பியது.

“இப்ப என்ன வாசிக்கிறீங்க?”

“அதேதான் ராத்தா,” என்று கிட்டப் போய் உட்கார்ந்தேன். “முடிச்சிட்டன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய கை எழும்பி என் வாயைத் தேடியது. கன்னத்தில் பட்டு நின்றது.

“சொல்லாதீங்க.”

“ராத்தா, ஒருக்காக் கேளுங்கோ.”

“முடிவ வாயால சொல்லப்படாது. நான் வாசிக்கப் போறன். அடுத்தது உங்கட புத்தகம்தான் எண்டு எத்தின வருசமாச் சொல்லிட்டு இரிக்கிறன். கொண்டாங்க. மகள் வாசிப்பாள், நான் கேப்பன்.”

நான் லொறிக்காரனை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

“கொண்டாறன் ராத்தா.”

“பெரிய புத்தகமா?”

“பெரிசுதான்.”

“பெரிசெண்டா நல்லம்.” கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். “அவசரப்படாதீங்க தங்கச்சி. ஆறுதலா எழுதிக் கொண்டாங்க.”

எழுதி என்றார். எடுத்து என்றும் சொல்லவில்லை, வாங்கி என்றும் சொல்லவில்லை. மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், குடித்தேன், திரும்பி வந்தேன்.

வந்த அன்றே பேத்தியிடம் கொப்பி கேட்டு வாங்கினேன். என் கை கம்பு பிடித்த கை, பேனை பிடித்த கையல்ல. எழுத்துகள் வரிசையில் நிற்காமல் இறங்கி இறங்கிப் போயின. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிற இடம்கூட வரவில்லை, அதற்குள் ராத்தா போய்விட்டார்.

ஜனாஸா வீட்டில் மகள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். கடைசி நாட்களில் உம்மாவுக்கு நேரம் போகட்டும் என்று அவள் ஒரு புத்தகத்தை எடுத்து வாசிக்கப் போனாளாம். வேணாம் மகள், அடுத்தது வந்துகொண்டிரிக்கி என்றாராம் ராத்தா.

அதற்குப் பிறகு யாருக்காக எழுதுவது என்று கொப்பியை அலுமாரிக்கு மேல் போட்டுவிட்டேன். நெடுநாள் கிடந்தது. ஆனால் கொண்டாறன் என்று சொன்னவள் நான். சொல்லிவிட்டுக் கொடுக்காமல் விட்டது என் வாழ்க்கையில் கிடையாது. திரும்ப எடுத்தேன். மாமியாரை எழுதினேன், தேங்காயை எழுதினேன், சிவத்தப் பசுவை எழுதினேன். பொடியனை ஒவ்வொரு பக்கமாகக் கடலில் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கொப்பி நிறைந்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. பொடியனைப் பர்மாவில் வைத்திருந்த நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்காது. போன மாதம் கடைசிப் பக்கமும் எழுதிவிட்டேன்.

அவன் வந்தானா இல்லையா என்று இங்கே சொல்ல மாட்டேன். ராத்தா அதை இன்னும் வாசிக்கவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் கொப்பிகளை ஒன்றாகத் தைத்துக் கிண்ணியாவுக்குக் கொண்டு போவேன். மகள் அந்த முன்னறையில் இருந்து சத்தமாக வாசிப்பாள். கட்டில் கிடந்த பக்கம் பார்த்து வாசிக்கச் சொல்வேன். இந்தப் பக்கங்களை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துத் தைக்கப் போகிறேன், யாருடைய புத்தகம் இது என்று வாசிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணி குடிக்கிறாள். கண்ணாடியை எங்க வைச்சிட்டியள் அம்மம்மா என்று பகிடி பண்ணுகிறாள். பண்ணட்டும். குடித்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வரட்டும்.

“இஞ்ச வா பிள்ளை. முதல் வரியில இருந்து சத்தமா வாசி. எதுவரைக்கும் வந்திருக்கிறன் எண்டு கேப்பம்.”